வெட்டு விலகினால் முதலில் எண்ணைத் தொடாதீர்கள்: அச்சிட்டு வெட்டும் இயந்திரத்துக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

ஸ்டிக்கர் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் நிறத்தைப் பற்றியே அதிகம் கவலைப்படுகிறார்கள். சிவப்பு சிவப்பாக விழுமா, கறுப்பு சாம்பலாகிவிடுமா என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. அச்சு சீக்கிரம் கைவந்துவிடும். ஆளைச் சோதிப்பது அதற்குப் பின்னால் வரும் வெட்டு. ஹட்டனில் தேயிலைப் பொதிக்கு லேபல் அடித்தாலும், நுவரெலியாவில் ஸ்ட்ரோபெரி ஜாம் போத்தலுக்கு அடித்தாலும், தலவாக்கலையில் முச்சக்கர வண்டியின் பின்கண்ணாடிக்கு வேல் படம் அடித்தாலும் வாடிக்கையாளரின் விரல் முதலில் போவது ஓரத்துக்குத்தான். "தம்பி, ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரிகிறதே" என்று அவர் சொல்லிவிட்டால், உள்ளே இருக்கும் நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பேச்சு முடிந்தது.

விலகலைக் கண்டதும் பெரும்பாலானோர் இயந்திரத்தின் அமைப்புப் பட்டியலைத் திறந்து ஆஃப்செட் எண்ணை, அதாவது வெட்டை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்த்தும் திருத்த எண்ணை, மாற்றத் தொடங்குகிறார்கள். சில வேளைகளில் அடுத்த தாள் சரியாகவும் வந்துவிடும். அதற்கடுத்த தாள் மறுபடி விலகும்போது எண் இன்னொரு தடவை மாறும். சாயங்காலத்துக்குள் இயந்திரம் எந்த நிலையில் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாமல் போகும். எண்ணைத் தொடுவது கடைசி வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

கத்திக்குப் படம் தெரியாது

நீங்கள் அச்சிட்ட படத்தைக் கத்தி பார்ப்பதில்லை. கணினி கொடுத்த பாதையில் அது போகிறது, அவ்வளவுதான். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டில் கண்ணைக் கட்டிக்கொண்டு முட்டி உடைக்கப் போகிறவரைப் போன்றது அதன் நிலை. எங்கே நிற்கிறோம், எந்தப் பக்கம் பார்த்திருக்கிறோம் என்பதை வெளியிலிருந்து யாராவது சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்குத்தான் படத்தைச் சுற்றி அச்சிடப்படும் கறுப்புக் குறிகள் இருக்கின்றன.

வெட்டும் தலையோடு ஒரு சிறிய சென்சர் பொருத்தப்பட்டிருக்கும். அது தாளின் மேல் ஒளியைப் பாய்ச்சித் திரும்பி வரும் ஒளியை அளக்கிறது. வெள்ளைத் தாளில் ஒளி நன்றாகத் திரும்பும், கறுப்புக் குறியில் சட்டென்று குறையும். குறைந்த இடம்தான் குறியின் விளிம்பு. இப்படி மூன்று குறிகளைக் கண்டுபிடித்தால், படம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது, நீளத்திலும் அகலத்திலும் எவ்வளவு நீண்டோ சுருங்கியோ இருக்கிறது என்பதையெல்லாம் இயந்திரம் கணக்கிட்டுவிடும். ஒரு முனை மட்டும் இழுபட்டுச் சரிவகமாகிப்போன தாளுக்கு மூன்று குறி போதாது. அதற்கு நான்காவது வேண்டும். உங்கள் இயந்திரத்தில் நான்கு குறி வாசிக்கும் வசதி இருந்தால் அதையே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மிச்சமாகும் நேரம் சில விநாடிகள்தான், அதற்காக மூன்றோடு நிறுத்துவது வீண்.

இதிலிருந்து ஒரு விடயம் தெளிவாகிறது. தாளின் ஓரம் எதற்கும் சாட்சி ஆகாது. அச்சு இயந்திரம் தாளைக் கொஞ்சம் கோணலாக இழுத்தாலும் குறிகளும் படத்தோடு சேர்ந்தே கோணலாக விழும், ஆகவே வெட்டு கெடாது. ஓரத்தை நம்பித் தாளை வைத்துவிட்டுக் குறியைச் சரியாக வாசிக்க விடாமல் போனால்தான் கெடும்.

உங்கள் இயந்திரம் எந்த வகை?

ஒரே இயந்திரம் அச்சிட்டு, தாளைப் பின்னால் இழுத்து, அதே இடத்தில் வெட்டுவது ஒரு வகை. ரோலண்டின் வெர்சாகேம், மிமாகியின் சிஜேவி வரிசை போன்றவை இதில் சேரும். தாளைக் கழற்றாமல் அப்படியே வெட்டினால் குறி இல்லாமலே வேலை முடியும். அச்சுத் தலைக்கும் கத்திக்கும் உள்ள இடைவெளி இயந்திரத்தின் நினைவில் இருக்கிறது. லெமினேட் செய்வதற்காக, அதாவது அச்சின் மேல் ஒளிபுகும் படலம் ஒட்டுவதற்காக, கழற்றி மறுபடி ஏற்றுவதானால் குறி கட்டாயம்.

இரண்டாவது வகையில் அச்சு ஓரிடம், வெட்டு ஓரிடம். வீட்டு இன்க்ஜெட்டிலோ லேசரிலோ ஏ4 ஸ்டிக்கர் தாளை அச்சிட்டு, சில்ஹவுட் கேமியோ போன்ற சிறிய கட்டரில் வெட்டுகிறவர்களும், பெரிய பிரின்டரில் அடித்த ரோலை கிராப்டெக் கட்டரில் போடுகிறவர்களும் இந்த வகை. மலையகத்தில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஏ4 தாளும் சிறிய கட்டருமே பொருத்தம் என்பது என் எண்ணம். ரோல் இயந்திரத்தில் ஒரு தப்பு நடந்தால் மீற்றர் கணக்கில் வைனைல் என்ற பிளாஸ்டிக் ஸ்டிக்கர் தாள் போகும். ஏ4 தாளில் ஒரு தாள்தான் போகும். கீழே வருபவற்றில் பெரும்பாலானவை இரண்டு வகைக்கும் பொது.

கோப்பிலேயே பாதி வேலை

ஏ4 தாளில் 50 மி.மீ. விட்டமுள்ள வட்ட லேபல்கள், அகலத்தில் மூன்று, உயரத்தில் நான்கு, மொத்தம் 12 என்று வைத்துக்கொள்வோம். நடுவே இடைவெளி விட்டும் குறிகளுக்குத் தாராளமாக இடம் கிடைக்கும்.

பின்னணி நிறம் வெட்டுக்கோட்டோடு நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு பக்கமும் 2 மி.மீ. வெளியே வழிய விடுங்கள். எழுத்தையும் சின்னத்தையும் கோட்டிலிருந்து குறைந்தது 2 மி.மீ. உள்ளே வையுங்கள். அடுத்தது, வடிவமைப்பாளர்கள் கேட்க விரும்பாத அறிவுரை: லேபலின் ஓரத்தை ஒட்டி மெல்லிய சட்டக்கோடு போடாதீர்கள். அரை மில்லிமீற்றர் விலகலை வெறும் நிறப் பின்னணியில் எவரும் காண மாட்டார்கள். அதே விலகல், ஒரு மில்லிமீற்றர் ஓரம் விட்டுப் போட்ட தங்கக் கோட்டின் பக்கத்தில் ஒரு புறம் அரையும் மறுபுறம் ஒன்றரையுமாகப் பல்லிளிக்கும். சட்டம் வேண்டுமென்று வாடிக்கையாளர் பிடிவாதமாக நின்றால், கோட்டைத் தடிப்பாக்கி உள்ளே தள்ளிவிடுங்கள்.

ரோலண்ட் வெர்சாகேம் இயந்திரங்களின் விவரக்குறிப்பிலேயே அச்சுக்கும் வெட்டுக்கும் இடையிலான துல்லியம் 0.5 மி.மீ. வரை என்றுதான் எழுதியிருக்கிறது. அதுவும் 25 பாகை செல்சியஸில், தாள் விரிவதையும் சுருங்குவதையும் கழற்றி ஏற்றுவதையும் கணக்கில் சேர்க்காமல். விலை உயர்ந்த இயந்திரமே அவ்வளவுதான் உறுதி தருகிறது என்றால், அந்த அரை மில்லிமீற்றரை மறைக்கும் பொறுப்பு வடிவமைப்புக்கு உண்டு.

வெட்டுக்கோடு வெக்டர் கோடாக, அதாவது புள்ளிகளாலான படமாக அல்லாமல் பாதையாக வரைந்த கோடாக, இருக்க வேண்டும். ரோலண்டின் வெர்சாவேர்க்ஸ் மென்பொருளுக்கு அந்தக் கோட்டின் நிறம் 'கட்கான்டூர்' (CutContour) என்ற பெயருள்ள ஸ்பொட் நிறமாக, அதாவது தனிப் பெயர் சூட்டிய நிறமாக, இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டு சொற்களையும் இடைவெளி விடாமல் சேர்த்து, இரண்டின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாகத் தட்டச்சு செய்யுங்கள். பெயர் பிசகினால் அது வெட்டுக்கோடாகாது, படத்தோடு படமாக அச்சாகிவிடும்.

குறிகளை நீங்களே வரையாதீர்கள். வெட்டும் மென்பொருளே போடட்டும். சில்ஹவுட்டில் மேல் இடது மூலையில் ஒரு கறுப்புச் சதுரமும் மற்ற இரண்டு மூலைகளில் ட வடிவக் கோடுகளும் வரும். இயந்திரத்துக்கு இயந்திரம் உருவம் வேறுபடும். குறி போட்ட பிறகு படத்தைப் பெரிதாக்குவதோ சிறிதாக்குவதோ கூடாது.

அச்சுக் கட்டளை கொடுக்கும் பெட்டியில் 'தாளுக்குப் பொருத்து' என்ற பொருள்பட ஒரு தெரிவு இருக்கும். அதை எடுத்துவிட்டு நூறு வீதம் என்று வையுங்கள். முதல் தாள் வெளியே வந்ததும் உலோக அடிமட்டத்தை எடுத்து இரண்டு குறிகளுக்கு இடையே அளந்து பாருங்கள். திரையில் 250 மி.மீ. என்றால் தாளிலும் 250 இருக்க வேண்டும். 243 வந்தால் கட்டரில் எந்தக் கோளாறும் இல்லை, பிரின்டர் படத்தைச் சுருக்கியிருக்கிறது. இந்த ஓர் அளவையை எடுக்காமல் அரைநாளைத் தொலைக்கிறவர்கள் ஏராளம்.

மலைக்குளிரும் தாளின் ஈரமும்

கொழும்பில் எழுதப்படும் வழிகாட்டிகளிலும் யூடியூப் காணொளிகளிலும் இது வராது. வரத் தேவையும் இல்லை, அவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. நமக்கு இதுதான் பெரிய தொல்லை.

கடதாசி காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். குடித்தால் நீளும், அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் அல்ல. நார் ஓடும் திசைக்குக் குறுக்கே அதிகமாக விரியும். ஆயிரத்தில் இரண்டு பங்கு விரிந்தாலே 250 மி.மீ. தூரத்தில் அரை மில்லிமீற்றர் போய்விடும். காலையில் அச்சிட்டு, மழை பெய்யும் மாலையில் வெட்டுகிற தாள் காலையில் இருந்த அளவில் இருக்காது.

பருவத்தைக் கவனியுங்கள். தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் மூடுபனியும் மழையுமாக இருக்கும். அதே ஜூலை, ஆகஸ்டில் மலைக்கு அந்தப் பக்கம், ஊவாவில், வறண்ட காற்று வீசும். அந்த வறட்சியால்தான் ஊவாத் தேயிலைக்கு அந்தக் காலத்தில் தனி மணம் கிடைக்கிறது என்பதைத் தோட்டத்துத் தொழிற்சாலைக்காரர்கள் யாரும் சொல்வார்கள். ஹட்டன், தலவாக்கலை அடங்கிய டிம்புளப் பக்கத்துக்கு அந்தப் பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை. தேயிலைக்கு நல்லது கடதாசிக்கு நல்லதல்ல. வறண்ட காற்றில் ஸ்டிக்கர் தாள் ஈரத்தை இழந்து ஓரம் சுருளும், நிலைமின் ஏறித் தூசியை இழுக்கும். ஒரே கட்டிலிருந்து பிரித்த தாள் ஹட்டனில் ஒரு விதமாகவும் பண்டாரவளையில் இன்னொரு விதமாகவும் நடந்துகொள்வதற்குக் காரணம் இதுதான்.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. புதிய ரோலோ தாள் கட்டோ வந்தால், வேலை செய்யும் அறையிலேயே ஒரு நாள் கிடக்கட்டும். கொழும்பு புறக்கோட்டையிலிருந்து லொறியில் வந்த வெக்கையோடு அதை நேரே இயந்திரத்தில் ஏற்றாதீர்கள். மிச்சத் தாளைப் பொலித்தீன் உறைக்குள் மூடி வையுங்கள். ரோலை நிலத்தில், குறிப்பாகச் சீமெந்துத் தரையில் வைக்க வேண்டாம். அச்சுக்கும் வெட்டுக்கும் நடுவே இரவு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். லெமினேட் செய்யாத கடதாசி ஸ்டிக்கரை அச்சு காய்ந்ததும் அன்றே வெட்டுவது உத்தமம்.

வைனைலுக்கு ஈரம் பெரிய பகையல்ல. அதன் பிரச்சினை வெப்பம். நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் துகள் உறைபனி விழுவதுண்டு. அந்தக் குளிரில் விறைத்துக் கிடந்த வைனைலைக் காலையில், கரைப்பான் கலந்த மையால் அச்சிடும் சொல்வன்ட் பிரின்டரில் ஏற்றினால், ஹீட்டர் பட்டதும் அது மெத்தென்றாகி விரியும், வெளியே வந்ததும் சுருங்கும். ரோலண்ட் இயந்திரங்கள் பலவற்றின் கையேடு, அறை வெப்பநிலை 15 முதல் 32 பாகைக்குள் இருக்க வேண்டும், 20க்கு மேல் இருந்தால் நல்லது என்கிறது. ஆகவே குளிர்ந்த காலையில் இயந்திரத்தைப் போட்டு, ஹீட்டர் சூடேறி, அறையும் கொஞ்சம் வெதுவெதுப்பான பிறகு வேலையைத் தொடங்குங்கள். அறையைச் சூடாக்க மின் ஹீட்டர் வைப்பதானால் அது இயந்திரத்தின் ஒரு பக்கத்துக்கு மட்டும் அடிக்கும்படி வைக்காதீர்கள். ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாத வைனைல்தான் முன்பு சொன்ன சரிவகம்.

சொல்வன்ட் மை அச்சுக்கு இன்னொன்று. லெமினேட் செய்வதற்கு முன் ஒரு நாளாவது காய விடுங்கள். ரோலைத் தளர்வாகச் சுற்றி நிமிர்த்தி வைத்தால் மையின் ஆவி வெளியேறும். அவசரப்பட்டு மூடினால் உள்ளே சிக்கிய கரைப்பான் வைனைலை இளக்கி, வெட்டிய ஓரங்களைச் சுருள வைக்கும்.

தாளை ஏற்றுதல்

சிறிய கட்டரில் ஒட்டும் பாய் இருக்கும். தாளின் மேல் இடது மூலையைப் பாயின் மூலைக் கோட்டில் பொருத்தி, அங்கிருந்து எதிர் மூலையை நோக்கி உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போங்கள். பழைய தொலைபேசி அட்டை போன்ற ஒன்றால் இன்னொரு முறை தேய்த்துவிடலாம். எங்காவது குமிழ் நின்றால் கத்தி அங்கே தாளைத் தள்ளும். பாயின் ஒட்டும் தன்மை குறைந்தால், மிதமான சவர்க்கார நீரில் கழுவி நிழலில் காய வையுங்கள்; அதன் பிறகும் ஒட்டாவிட்டால் மாற்றத்தான் வேண்டும்.

ரோலுக்கு வேலை அதிகம். லெமினேட் செய்த துண்டை ஏற்றுவதற்கு முன், முன் ஓரத்தை நேராக வெட்டிக்கொள்ளுங்கள். எதற்கு நேராக? கீழே உள்ள இரண்டு குறிகளுக்கும் நேராக. அந்த இரண்டையும் இணைக்கும் கோட்டுக்கு இணையாக உலோக அடிமட்டத்தை வைத்து வெட்டினால், பிறகு அந்த ஓரத்தை இயந்திரத்தின் முன்பலகையிலுள்ள வழிகாட்டிக் கோட்டோடு சேர்த்தாலே போதும், படம் நேராக நிற்கும்.

அடுத்து பிஞ்ச் ரோலர்கள். இவை மேலிருந்து தாளை அழுத்துகின்றன; கீழே சொரசொரப்பான கிரிட் ரோலர்கள் தாளை நகர்த்துகின்றன. மேலுள்ளது கீழுள்ளதற்கு நேர் மேலே இருக்க வேண்டும். பாதி ஏறிப் பாதி வெளியே நின்றால் தாள் ஒரு பக்கம் வழுக்கும். இரண்டு ஓர ரோலர்களும் தாளின் விளிம்பிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரத்தில் உள்ளே இருக்கட்டும். குறிகளின் மேல் ரோலர் ஓடக் கூடாது.

பிஞ்ச் ரோலர்களைத் தாளின் மேல் அழுத்தும் லீவரை இறக்குவதற்கு முன் தாளின் இரு பக்கமும் பின்புறமாக ஒரே அளவில் மெதுவாக இழுத்துத் தொய்வை எடுங்கள். கனமான ரோல் என்றால், வெட்டப்போகும் நீளத்தை முன்கூட்டியே ரோலிலிருந்து இறக்கித் தொங்க விடுங்கள். ரோலின் எடையை இயந்திரமே இழுக்கும்படி விட்டால் வழுக்கல் நிச்சயம்.

இப்போது தாளை வேலையின் முழு நீளத்துக்கும் ஒரு தடவை முன்னால் ஓட்டி, திரும்பப் பின்னால் கொண்டுவாருங்கள். இரண்டு பயன் இதில் உண்டு. தாளின் ஓரம் வழிகாட்டிக் கோட்டை விட்டு விலகுகிறதா என்பதை உங்கள் கண்ணே சொல்லிவிடும். கிரிட் ரோலரின் பற்கள் ஸ்டிக்கருக்கு அடியிலுள்ள பின்தாளில் மெல்லிய தடம் பதித்துவிடுவதால், வெட்டும்போது தாள் அந்தத் தடத்திலேயே ஓடும். ஒரு மீற்றரில் 2 மி.மீ. விலகுகிற தாள் ஐந்து மீற்றரில் 10 மி.மீ. விலகும், ஆகவே இங்கே சோம்பல்படாமல் கழற்றி மறுபடி ஏற்றுங்கள்.

குறியை வாசிக்க மறுத்தால்

அநேகமாகக் காரணம் பளபளப்பு. பளபளப்பான லெமினேஷன் கறுப்பின் மேலும் ஒளியைத் திருப்பி அடிப்பதால் சென்சருக்குக் கறுப்பு கறுப்பாகத் தெரிவதில்லை. குறியின் மேல் பளபளப்பில்லாத ஒட்டுநாடாவை ஒட்டிப் பாருங்கள், பெரும்பாலும் வேலை செய்யும். குறியிருக்கும் ஓரத்தை லெமினேட் செய்யாமல் விடுவது இன்னும் நல்லது.

வெளிச்சத்தையும் பாருங்கள். நம் ஊரில் பகல் முழுவதும் மூடுபனியாக இருந்துவிட்டுத் திடீரென்று ஐந்து நிமிடம் வெயில் அடிக்கும். கடையின் முன்பக்கம் கண்ணாடி என்றால் அந்த வெயில் நேராகச் சென்சர் மேல் விழும். இயந்திரத்தை ஜன்னலுக்கு முதுகு காட்டி வையுங்கள், இல்லாவிட்டால் திரை போடுங்கள்.

வெளிறிய கறுப்பு, குறியின் மேல் விழுந்த தூசி, நிறத் தாள், ஹொலோகிராம் தாள் ஆகியவையும் சென்சரை ஏமாற்றும். கடைசி இரண்டுக்கும் குறி விழும் இடத்தில் வெள்ளை ஸ்டிக்கர் துண்டை ஒட்டி அதன் மேல் அச்சிடலாம்.

பேனாவும் சோதனைத் தாளும்

கத்தியைப் போடுவதற்கு முன் பேனாவைப் போடுங்கள். பெரும்பாலான கட்டர்களில் கத்தி இருக்கும் இடத்தில் பேனாவைப் பொருத்த முடியும். சாதாரணத் தாளில் அச்சிட்டு, குறியை வாசிக்க வைத்து, வெட்டுக்கோட்டைப் பேனாவால் வரைய விட்டால் விலகல் எவ்வளவு, எந்தப் பக்கம் என்பது மையில் எழுதினாற்போல் தெரியும். விலையுயர்ந்த வைனைல் எதுவும் வீணாகாது.

பிறகு கத்தி. மேலே உள்ள வைனைல் முழுதாக வெட்டப்பட்டு, பின்தாளில் மெல்லிய கீறல் மட்டும் விழ வேண்டும். ஆழம் அதிகமானால் கத்தி பின்தாளில் சிக்கித் தாளையே இழுத்துக்கொண்டு போகும். அதையும் 'விலகல்' என்றுதான் புதியவர்கள் சொல்கிறார்கள். ஆழத்தையும் அழுத்தத்தையும் குறைவாக வைத்துத் தொடங்கி ஏற்றுங்கள். வேகத்தையும் குறையுங்கள். விநாடிக்கு 30 செ.மீ. ஓடக்கூடிய இயந்திரத்தை, சிறிய வட்டங்களுக்கு 10 செ.மீ. வேகத்தில் ஓட விட்டால் போதும்.

வட்டத்தின் தொடக்கமும் முடிவும் சேராமல் நின்றாலோ, கூர்மையான மூலைகள் மழுங்கினாலோ, மூலையில் சிறிய கொக்கி விழுந்தாலோ அது படத்தோடு சம்பந்தப்பட்ட பிழையல்ல. கத்தியின் நுனி அது சுழலும் மைய அச்சிலிருந்து விலகியிருக்கும் தூரத்தை இயந்திரத்துக்குத் தவறாகச் சொல்லியிருக்கிறீர்கள். வழக்கமான கத்திகளுக்கு அது 0.25 மி.மீ.

விலகலின் உருவம்

சோதனைத் தாளை மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் நடுவிலும் உள்ள லேபல்களைப் பாருங்கள். ஒரே ஒரு லேபலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எண்ணைத் தொடலாமா கூடாதா என்பதற்குப் பதில் இந்தத் தாளில்தான் இருக்கிறது.

எல்லா லேபலிலும் ஒரே பக்கம், ஒரே அளவு விலகியிருக்கிறதா? அப்படியானால் மட்டுமே ஆஃப்செட் எண்ணைத் தொடலாம். சென்சருக்கும் கத்திக்கும் இடையிலுள்ள தூரம் இயந்திரத்தின் நினைவில் இருப்பதிலிருந்து மாறியிருக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியோடு அளந்து, ஒரு திசையை மட்டும் திருத்தி, மறுபடி சோதனைத் தாள் ஓட்டி, அது சரியானதும் மற்றத் திசைக்குப் போங்கள். கூட்டுவதா கழிப்பதா என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். சிறிய எண் ஒன்றைக் கொடுத்து வெட்டு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துவிட்டால் தீர்ந்தது. ரோலண்டில் தாள் ஓடும் திசைக்கு எஃப், தலை ஓடும் திசைக்கு எஸ் என்று இரண்டு எண்கள் இருக்கும்.

தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப் போக விலகல் வளர்ந்தால் தாளின் நீளம் மாறியிருக்கிறது. ஈரமோ வெப்பமோ பிரின்டரின் அளவுப் பிழையோ காரணமாக இருக்கலாம். குறிகளை அளந்து பாருங்கள். இங்கே ஆஃப்செட்டை மாற்றினால் கடைசி வரிசை சரியாகி முதல் வரிசை கெடும்.

ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயுமாக விலகினால் அது சாய்வு. ஏதோ ஒரு குறி தவறாக வாசிக்கப்பட்டிருக்கிறது. 200 மி.மீ. தூரத்தில் ஒரு பாகைச் சாய்வு மூன்றரை மில்லிமீற்றராக வெளிப்படும், ஆகவே இதை இனம்காண்பது எளிது.

பாதி வரை ஒழுங்காக வந்து, ஒரு இடத்தில் சட்டென்று தாவியிருந்தால் தாள் வழுக்கியிருக்கிறது. ரோலரையும் ரோலின் இழுவையையும் பாருங்கள், தாள் எங்காவது மேசைக் காலில் தட்டியதா என்றும் பாருங்கள். ஒழுங்கே இல்லாமல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் என்றால் கத்திப் பிடி தளர்ந்திருக்கும், இல்லையேல் பாயில் தாள் ஒட்டவில்லை.

நீளமான வேலையும் மின்வெட்டும்

பஸ்ஸின் பக்கவாட்டுக்கு, கோயில் தேர்த் திருவிழாவுக்கு என்று மீற்றர் கணக்கில் வேலை வரும்போது முழுவதையும் ஒரே துண்டாக, நான்கு குறிகளுக்குள் அடைக்காதீர்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு நீட்சி மூன்று மீற்றரில் 3 மி.மீ. ஆகிறது. அது ஒரே சீராக நீண்டிருந்தால் குறிகளைக் கொண்டு இயந்திரம் ஈடுசெய்துவிடும். ஆனால் நடுவில் ஒரு விதமாகவும் முனையில் ஒரு விதமாகவும் நீண்டதை அதனால் அறிய முடியாது. ஒரு மீற்றருக்குள் அடங்கும் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி போடுங்கள். இடைக்குறி போடும் வசதி உள்ள மென்பொருள் என்றால் அதைப் பயன்படுத்துங்கள்.

மழைக்காலத்தில் லைன் மேல் மரம் விழுந்து மின்சாரம் போவது நமக்குப் புதிதல்ல. வெட்டின் நடுவே மின்சாரம் போனால் இயந்திரம் தான் நின்ற இடத்தை மறந்துவிடும். குறி இல்லாமல் அச்சிட்ட தாள் என்றால் அத்தோடு சரி. குறி இருந்தால், மின்சாரம் வந்ததும் அதை மறுபடி வாசிக்க வைத்து, வெட்டி முடித்த லேபல்களை மென்பொருளில் நீக்கிவிட்டு, மிச்சத்தை மட்டும் வெட்டலாம். ஆகவே ஒரே இயந்திரத்தில் அச்சிட்டு உடனே வெட்டுகிறவர்களுக்கும் என் ஆலோசனை, தேவையில்லை என்று தோன்றினாலும் குறியோடு அச்சிடுங்கள் என்பதுதான். கொழும்புக்காரருக்கு அது வீண் ஓரமாகத் தெரியலாம்.

எந்தத் தாளுக்கு எந்த அழுத்தம், எந்த ஆழம், எந்த ஆஃப்செட் என்பதை ரோலின் அட்டைக் குழலுக்குள்ளேயே மார்க்கரால் எழுதி வையுங்கள். தாள் கட்டானால் உறையின் மேல் எழுதுங்கள். புத்தகத்தில் எழுதினால் புத்தகத்தைத் தேட வேண்டும்.

வெட்டு முடிந்ததும் லீவரைத் தூக்கிவிடாதீர்கள். தாள் பிடியில் இருக்கும்போதே மூலையில் உள்ள ஒரு லேபலை நகத்தால் உரித்துப் பாருங்கள். சுத்தமாகக் கழன்றால் தாளை எடுக்கலாம். நார் நாராக இழுத்தால் அழுத்தத்தைச் சற்றே ஏற்றி, அதே கோப்பை அதே இடத்தில் இன்னொரு தடவை ஓட விடுங்கள். லீவர் தூக்கப்படாத வரை கத்தி பழைய கோட்டிலேயே போகும். தூக்கிவிட்டால் குறி வாசிப்பதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.